ஒரு மணி நேரத்தை ஐசியால் அளப்பது எப்படி? நீண்ட நேர டைமரின் அடிப்படை

மோட்டாரைப் போட்டால் சரியாக ஒரு மணி நேரத்தில் தானாக நிற்க வேண்டும். தேவை இவ்வளவுதான். மேல்தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீரும் கரண்டும் வீணாகிற எந்த வீட்டிலும் இந்தத் தேவை இருக்கிறது. இரவு மூன்று மணி நேரம் ஓடி அணைய வேண்டிய ஃபேன், பேட்டரி சார்ஜரை நான்கு மணி நேரத்தில் துண்டிக்க வேண்டிய ஏற்பாடு எல்லாமே இதே ரகம். சில நொடிகளுக்கான டைமர் சர்க்யூட்டைப் பிரெட்போர்டில் (சால்டர் செய்யாமல் உதிரிகளைச் செருகிப் பார்க்கும் பலகையில்) செய்து பார்த்தவர்கள் அடுத்ததாக ஆசைப்படுவதும் இதற்குத்தான். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பத்து நொடிக்கு அருமையாக வேலை செய்த அதே சர்க்யூட், ஒரு மணி நேரம் என்றதும் கைவிட்டுவிடும். ஏன் கைவிடுகிறது, அதற்கு மாற்று வழி என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை. ரெசிஸ்டர், கப்பாசிட்டர், டிரான்சிஸ்டர் என்றால் என்னவென்று தெரிந்திருந்தால் போதும்.

555 எங்கே தடுமாறுகிறது?

எலக்ட்ரானிக்ஸ் பழகுகிற எல்லோரும் முதலில் கையில் எடுக்கும் டைமர் ஐசி (ஒரு முழு சர்க்யூட்டையே அடக்கிய சில்லு) 555. சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக ஹான்ஸ் கேமன்சிண்ட் 1971-இல் வடிவமைத்தது; 1972-இல் கடைக்கு வந்தது. இன்றும் புதிதாக வாங்க முடிகிறது. அது நேரத்தை அளக்கும் விதம் எளிது. ஒரு ரெசிஸ்டர் வழியாக ஒரு கப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது. கப்பாசிட்டரின் மின்னழுத்தம் சப்ளையில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் ஐசி தன் வெளியீட்டை மாற்றிவிடுகிறது. நேரத்துக்கான சூத்திரம்: 1.1 × ரெசிஸ்டர் × கப்பாசிட்டர். ரெசிஸ்டரை மெகா ஓமிலும் கப்பாசிட்டரை மைக்ரோஃபாரடிலும் போட்டால் விடை நொடியில் கிடைக்கும்.

1 மெகா ஓமும் 1000 மைக்ரோஃபாரடும் போட்டால் 1100 நொடி, அதாவது 18 நிமிடம் 20 நொடி. 3300 மைக்ரோஃபாரட் போட்டால் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். காகிதத்தில் கணக்கு சரிதான். செய்து பார்த்தால் சில சமயம் ஒன்றரை மணி நேரம் ஆகும், சில சமயம் முடியவே முடியாது.

காரணம் கப்பாசிட்டரில் இருக்கிறது. இவ்வளவு பெரிய மதிப்பு வேண்டுமென்றால் எலக்ட்ரோலிட்டிக் வகையைத்தான் வாங்க முடியும். அந்த வகையில் எப்போதும் கொஞ்சம் கசிவு மின்னோட்டம் உண்டு. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுபோலத்தான்: குழாயில் தாராளமாக வரும்போது ஓட்டை ஒரு பொருட்டே இல்லை, சொட்டுச் சொட்டாக வந்தால் குடம் நிறையவே நிறையாது.

இதை எண்களில் பார்ப்போம். சப்ளை 12 வோல்ட் என்றால் 555 காத்திருக்கும் அளவு 8 வோல்ட். கப்பாசிட்டர் 8 வோல்ட்டை நெருங்கும்போது ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கும் இடையே மிச்சம் இருப்பது 4 வோல்ட்தான். 1 மெகா ஓம் வழியாக 4 வோல்ட் தள்ளக்கூடியது 4 மைக்ரோ ஆம்பியர். இப்போது கப்பாசிட்டர் தயாரிப்பாளர்கள் தரும் விவரத்தாளைப் பாருங்கள். கசிவின் உச்ச வரம்பாகப் பல தொடர்களுக்கு அவர்கள் தரும் கணக்கு 0.01 × மைக்ரோஃபாரட் × வோல்ட். 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கப்பாசிட்டருக்கு இது 250 மைக்ரோ ஆம்பியர். நல்ல கப்பாசிட்டரில் உண்மையான கசிவு இதைவிட வெகு குறைவாகத்தான் இருக்கும். ஆனால் நம்மைத் தோற்கடிக்க 250 தேவையில்லை. 5 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே போதும். உள்ளே வருவதைவிட வெளியே போவது அதிகமாகிவிட்டது. 8 வோல்ட்டை எட்டவே முடியாது.

கசிவு இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் இன்னொரு தொல்லை இருக்கிறது. எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரின் மதிப்பு வழக்கமாக 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அதன் தயாரிப்பாளரே சொல்கிறார். 18 நிமிடம் என்று கணக்குப் போட்டது பதினைந்துக்குக் கீழேயும் போகலாம், 22-க்கும் ஏறலாம். வெயில் காலத்தில் ஒரு மாதிரி, மழைக் காலத்தில் ஒரு மாதிரி. சரிபார்க்கலாம் என்றால், ஒவ்வொரு முறை திருகிவிட்டும் ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். என்னைக் கேட்டால் சில நிமிடங்களுக்கு மேல் 555-ஐத் தனியாக நம்பக் கூடாது. அது ஐசியின் குற்றமில்லை. அதற்கு ஏற்ற வேலை அதுவல்ல, அவ்வளவுதான்.

பெரிய நேரத்தை அளக்காதீர்கள், சிறிய நேரத்தை எண்ணுங்கள்

நீண்ட நேர டைமர்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் யோசனை இதுதான். அரை நொடியைச் சின்ன கப்பாசிட்டரால் நன்றாகவே அளக்க முடியும். சின்ன கப்பாசிட்டர் என்றால் கசிவு ஏறக்குறைய இல்லாத பாலியஸ்டர் வகை கிடைக்கும். அப்படியானால் அரை நொடிக்கு ஒரு துடிப்பு வீதம் தந்துகொண்டே இருக்கும் ஓர் ஆசிலேட்டரைச் செய்து, அந்தத் துடிப்புகளைப் பல ஆயிரம் வரை எண்ணினால் ஒரு மணி நேரம் வந்துவிடுமே!

எண்ணும் வேலையைச் செய்வது ஃபிளிப்-ஃபிளாப். அதன் குணம் மிக எளிது: ஒவ்வொரு துடிப்பு உள்ளே வரும்போதும் தன் வெளியீட்டைத் திருப்பிப் போடும். தாழ்ந்திருந்தால் உயரும், உயர்ந்திருந்தால் தாழும். ஆக உள்ளே இரண்டு துடிப்பு போனால் வெளியே ஒரு முழுத் துடிப்பு வருகிறது. அந்த வெளியீட்டை அடுத்த ஃபிளிப்-ஃபிளாப்புக்குக் கொடுத்தால் நான்குக்கு ஒன்று. அடுத்தது எட்டுக்கு ஒன்று. இப்படி 14 படிகள் போனால் 16,384 துடிப்புக்கு ஒன்று. நொடிக்கு ஒரு துடிப்பு என்று ஆரம்பித்தால் பதினான்காவது படியில் ஒரு முழுச் சுற்று முடிய 4 மணி 33 நிமிடம் 4 நொடி ஆகும்.

துல்லியம் என்ன ஆகும் என்ற கேள்வி இங்கே எழ வேண்டும். ஆசிலேட்டர் 1 சதவீதம் பிழையாக ஓடினால் மணிக் கணக்கிலும் அதே 1 சதவீதம்தான் பிழை. ஒரு மணி நேரத்துக்கு 36 நொடி. எண்ணுவதால் பிழையின் சதவீதம் கூடுவதில்லை. 5,000 துடிப்பு வந்தால் கவுண்ட்டர் (ஃபிளிப்-ஃபிளாப்களின் இந்தத் தொடர்) 5,000 என்றுதான் எண்ணும். பிழை எல்லாம் ஆசிலேட்டரில் மட்டும் இருப்பதால், அந்த ஒன்றைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும். அதை ஒன்றிரண்டு நிமிடங்களிலேயே செய்துவிடலாம் என்பதுதான் இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதைப் பின்னால் பார்ப்போம்.

சிடி 4060: ஆசிலேட்டரும் கவுண்ட்டரும் ஒரே சில்லில்

555-ஐ ஆசிலேட்டராக வைத்து, தனியாக ஒரு கவுண்ட்டர் ஐசி சேர்த்தும் இதைச் செய்யலாம். ஆனால் இரண்டையும் ஒரே சில்லில் அடக்கிய சிடி 4060 இருக்கும்போது அந்தச் சிரமம் எதற்கு? ஆர்.சி.ஏ. நிறுவனம் 1968-இல் தொடங்கிய 4000 வரிசை சீமாஸ் (மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை) ஐசிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. சென்னை ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எந்த இடத்திலும் கேட்டவுடன் எடுத்துத் தருவார்கள்.

16 கால்கள். 16ஆம் கால் பிளஸ், 8ஆம் கால் மைனஸ். சப்ளை 3 முதல் 18 வோல்ட் வரை தாங்கும். 9, 10, 11 ஆகிய மூன்றும் ஆசிலேட்டருக்கு. 12ஆம் கால் ரீசெட்: அதற்குப் பிளஸ் கொடுத்தால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும், ஆசிலேட்டரும் நிற்கும், மைனஸுக்குப் போனால் எண்ணத் தொடங்கும். மிச்சமுள்ள பத்துக் கால்களும் வெளியீடுகள். உள்ளே 14 படிகள் இருந்தாலும் 1, 2, 3 மற்றும் 11ஆம் படிகள் வெளியே வருவதில்லை, கால்கள் போதவில்லை. நமக்கு வேண்டியவை: 6ஆம் காலில் ஏழாவது படி, 14ஆம் காலில் எட்டாவது படி, 1ஆம் காலில் பன்னிரண்டாவது, 2ஆம் காலில் பதின்மூன்றாவது, 3ஆம் காலில் பதினான்காவது.

வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். எச்இஎஃப் 4060 என்று போட்டிருந்தால் அதுவும் இதே ஐசிதான், அப்படியே பொருந்தும். ஆனால் அதன் விவரத்தாளில் படிகளை 3 முதல் 13 வரை என்று எண்ணியிருப்பார்கள். அதனால் படியின் எண்ணை விட்டுவிட்டு காலின் எண்ணை வைத்தே இணையுங்கள். 74எச்சி 4060 என்றால் எச்சரிக்கை: கால் அமைப்பு ஒன்றுதான், ஆனால் அது 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 12 வோல்ட் கொடுத்தால் போச்சு.

பாதியில் ஒளிந்திருக்கும் கணக்கு

4060-ஐ வைத்து டைமர் செய்யும் புதியவர்களுக்கு முதல் முறை நேரம் சரியாகப் பாதியாக வரும். ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் அரை மணியில் ரிலே (காயிலில் மின்சாரம் பாய்ந்தால் தொடர்புகளை இணைக்கும் மின்காந்த ஸ்விட்ச்) அடிக்கும். உதிரிப் பாகத்தில் கோளாறு எதுவும் இல்லை.

பதினான்காவது படி 16,384 துடிப்புக்கு ஒரு முழுச் சுற்றை முடிக்கிறது. முழுச் சுற்று என்றால் தாழ்ந்திருக்கும் பாதியும் உயர்ந்திருக்கும் பாதியும் சேர்ந்தது. ரீசெட் ஆனதும் வெளியீடு தாழ்ந்த நிலையில் ஆரம்பிக்கிறது. முதல் 8,192 துடிப்பு வரை தாழ்ந்தே இருக்கும். அந்தக் கணத்தில் உயரும். நமக்கு அந்த உயர்வுதான் சிக்னல். ஆகவே டைமருக்குப் பெருக்க வேண்டிய எண் 8,192. இதை மனதில் பதித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சாதாரண வகுத்தல்.

ஒரு மணி நேரம் 3,600 நொடி. அதை 8,192-ஆல் வகுத்தால் 0.4394 நொடி. நம் ஆசிலேட்டர் இந்த இடைவெளிக்கு ஒரு துடிப்பு தர வேண்டும்.

4060-இன் ஆசிலேட்டருக்கு ஒரு கப்பாசிட்டரும் இரண்டு ரெசிஸ்டரும் வேண்டும். மூன்றின் ஒரு முனையையும் ஒரே புள்ளியில் சேர்த்துவிடுங்கள். கப்பாசிட்டரின் மறுமுனை 9ஆம் காலுக்கு. நேரத்தைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டரின் மறுமுனை 10ஆம் காலுக்கு. இன்னொரு ரெசிஸ்டரின் மறுமுனை 11ஆம் காலுக்கு. இந்தக் கடைசி ரெசிஸ்டர் நேர ரெசிஸ்டரைப்போல 2 முதல் 10 மடங்கு வரை இருக்க வேண்டும். அது ஐசியின் உள்ளீட்டைக் காக்கிறது, சப்ளை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் நேரம் மாறாமல் பார்த்துக்கொள்கிறது. ஒரு துடிப்பின் நீளம் சுமார் 2.3 × நேர ரெசிஸ்டர் × கப்பாசிட்டர்.

கப்பாசிட்டரை முதலில் முடிவு செய்யுங்கள், ரெசிஸ்டர் எந்த மதிப்பிலும் கிடைக்கும். 0.47 மைக்ரோஃபாரட் பாலியஸ்டர் எடுத்துக்கொள்வோம். 0.4394-ஐ 2.3-ஆலும் 0.47-ஆலும் வகுத்தால் 0.406 மெகா ஓம், அதாவது 406 கிலோ ஓம். கடையில் இந்த மதிப்பைக் கேட்டால் கிடைக்காது. 330 கிலோ ஓம் ரெசிஸ்டரும் அதோடு வரிசையாக 100 கிலோ ஓம் பிரிசெட்டும் (திருகி மதிப்பை மாற்றக்கூடிய ரெசிஸ்டர்) போட்டால் ஏறக்குறைய 49 நிமிடம் முதல் 63 நிமிடம் வரை திருகிக்கொள்ளலாம். 11ஆம் காலுக்கு 1 மெகா ஓம்.

இங்கே எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரை மறந்தும் போடாதீர்கள். கசிவு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இந்த ஆசிலேட்டரில் கப்பாசிட்டரின் மின்னழுத்தம் இரு திசையிலும் மாறி மாறி வரும். பிளஸ், மைனஸ் பார்த்துப் போட வேண்டிய கப்பாசிட்டருக்கு அது ஆகாது. மலிவான டிஸ்க் செராமிக் வகையும் வேண்டாம், சூடு ஏறினால் மதிப்பு மாறிவிடும்.

தொடங்குவதும் நிறுத்துவதும்

சப்ளை கொடுத்தவுடன் கவுண்ட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஏதோ ஓர் எண்ணில் விழித்துக்கொள்ளும். அதனால் சப்ளை வந்த கணமே ஒரு ரீசெட் கொடுக்க வேண்டும். 12ஆம் காலிலிருந்து மைனஸுக்கு 100 கிலோ ஓம், 12ஆம் காலிலிருந்து பிளஸுக்கு 0.1 மைக்ரோஃபாரட். சப்ளை வந்ததும் கப்பாசிட்டர் வழியாக 12ஆம் கால் ஒரு கணம் பிளஸுக்கு இழுக்கப்படும், பிறகு ரெசிஸ்டர் அதைக் கீழே கொண்டுவந்துவிடும். கப்பாசிட்டருக்கு இணையாக ஒரு புஷ் பட்டன் வைத்தால் எப்போது வேண்டுமானாலும் முதலிலிருந்து எண்ண வைக்கலாம்.

நிறுத்துவதும் முக்கியம். 3ஆம் கால் உயர்ந்த பிறகும் ஆசிலேட்டர் ஓடிக்கொண்டே இருந்தால், இன்னொரு மணி நேரத்தில் அது மீண்டும் தாழ்ந்துவிடும். ரிலே ஒரு மணி நேரம் அப்படி, ஒரு மணி நேரம் இப்படி என்று மாறிக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்க ஒரே ஒரு 1என்4148 டையோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உதிரி) போதும். ஆனோடை 3ஆம் காலுக்கும் கேத்தோடை (கோடு போட்ட முனை) 11ஆம் காலுக்கும் இணையுங்கள். 3ஆம் கால் உயர்ந்ததும் டையோடு வழியாக 11ஆம் கால் பிளஸில் பிடித்து வைக்கப்படுகிறது. ஆசிலேட்டர் அங்கேயே உறைந்துவிடுகிறது. எண்ணிக்கை நகராது, 3ஆம் கால் உயர்ந்தபடியே நிற்கும். இத்தனை சின்ன உதிரியால் இவ்வளவு பெரிய வேலை நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ரிலேயை எப்படி இழுப்பது? 4060-இன் காலால் ஓரிரண்டு மில்லி ஆம்பியர்தான் சிரமமில்லாமல் தர முடியும். 12 வோல்ட் ரிலே காயிலுக்குச் சுமார் 30 மில்லி ஆம்பியர் வேண்டும். எனவே நடுவில் டிரான்சிஸ்டர். எண்ணிக்கொண்டிருக்கும்போது மோட்டார் ஓட வேண்டும், எண்ணி முடித்ததும் நிற்க வேண்டும் என்பதால் இரண்டு பிசி 547 எடுத்துக்கொள்ளுங்கள். 3ஆம் காலிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. அதன் கலெக்டர் இரண்டாவது டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. அந்தப் பேஸிலிருந்து இன்னொரு 10 கிலோ ஓம் பிளஸுக்கு. இரண்டாவதின் கலெக்டருக்கும் பிளஸுக்கும் நடுவே ரிலே காயில். இரண்டின் எமிட்டரும் மைனஸுக்கு. 3ஆம் கால் தாழ்ந்திருக்கும்வரை இரண்டாவது டிரான்சிஸ்டர் கடத்தும், ரிலே இழுத்திருக்கும். 3ஆம் கால் உயர்ந்ததும் முதலாவது கடத்தி, இரண்டாவதை அணைத்துவிடும்.

காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் இருக்கும்படி கட்டாயம் வேண்டும். ரிலே விடுபடும்போது காயில் உதறும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். அந்த உதறல் ஐசிக்கும் போகாமல் இருக்க 16, 8 ஆகிய கால்களுக்கு நடுவே, ஐசியை ஒட்டியபடி ஒரு 0.1 மைக்ரோஃபாரட், கூடவே 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்.

கரண்ட் போய் வந்தால்?

இதை யோசிக்காமல் மோட்டாருக்கு டைமர் வைக்கக் கூடாது. மேலே சொன்ன சர்க்யூட்டில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் ரீசெட் ஆகி, மறுபடியும் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடும். வீட்டில் யாரும் இல்லாதபோது இப்படி நடந்தால், தண்ணீர் வழியாமல் இருப்பதற்காக வைத்த டைமரே தண்ணீரை வழிய வைக்கும்.

இதற்கு இரண்டு ஜோடித் தொடர்புகள் உள்ள ரிலே வாங்குங்கள். ஒரு ஜோடி மோட்டாருக்கு. இன்னொரு ஜோடியை இந்த சர்க்யூட்டின் சப்ளைக்கே பயன்படுத்துவோம். 12 வோல்ட் அடாப்டரின் பிளஸ் கம்பியை நேராக சர்க்யூட்டுக்குக் கொடுக்காமல், நடுவில் ஒரு ஸ்டார்ட் பட்டன் வையுங்கள். அந்தப் பட்டனுக்கு இணையாக ரிலேயின் திறந்திருக்கும் ஜோடியை இணையுங்கள். பட்டனை அழுத்தினால் சர்க்யூட்டுக்கு சப்ளை வரும், ரீசெட் ஆகும், ரிலே இழுக்கும். இழுத்த ரிலே தன் தொடர்பு வழியாக சப்ளையைத் தானே பிடித்துக்கொள்ளும். கையை எடுத்துவிடலாம். ஒரு மணி நேரம் முடிந்ததும் ரிலே விடும், அதோடு சர்க்யூட்டின் சப்ளையும் அறுந்துபோகும். நடுவில் கரண்ட் போனாலும் ரிலே விட்டுவிடும்; கரண்ட் திரும்பி வந்தாலும் யாராவது பட்டனை அழுத்தும்வரை எதுவும் ஓடாது. முன்னதாகவே நிறுத்த வேண்டுமா, அதே பிளஸ் கம்பியில் அழுத்தினால் துண்டிக்கும் வகைப் பட்டன் ஒன்றை வரிசையாகச் சேர்த்துவிட்டால் முடிந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: டைமருக்குத் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. கிணறோ தொட்டியோ வற்றி மோட்டார் வெறுமனே ஓடும் ஆபத்து இருக்கிற இடத்தில் நீர்மட்ட சென்சாரும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் காத்திருக்காமல் நேரத்தைச் சரிசெய்வது

6ஆம் காலிலிருந்து 4.7 கிலோ ஓம் வழியாக ஓர் எல்இடியை மைனஸுக்குக் கொடுங்கள். அது ஏழாவது படி. 128 துடிப்புக்கு ஒரு முழுச் சுற்று. 8,192-ஐ 128-ஆல் வகுத்தால் 64. அப்படியானால் எல்இடி ஒரு முறை எரியத் தொடங்கியதிலிருந்து அடுத்த முறை எரியத் தொடங்கும்வரை ஆகும் நேரத்தை 64-ஆல் பெருக்கினால் மொத்த டைமர் நேரம். நமக்கு வேண்டியது 3,600 நொடி என்பதால் எல்இடியின் சுற்று 56.25 நொடி இருக்க வேண்டும்.

செல்போன் ஸ்டாப்வாட்சை வைத்து அளந்தால் 55 நொடி வருகிறது என்று வையுங்கள். 55 × 64 = 3,520 நொடி; டைமர் 58 நிமிடம் 40 நொடியில் முடிந்துவிடும். பிரிசெட்டைக் கொஞ்சம் கூட்டி மறுபடி அளக்க வேண்டியதுதான். நம் விரல் அரை நொடி தவறினாலும் அது 64 மடங்காகி 32 நொடி ஆகிவிடும் என்பதால், கடைசிச் சரிபார்ப்பை மட்டும் எல்இடியை 14ஆம் காலுக்கு மாற்றிச் செய்யுங்கள். அங்கே சுற்று 112.5 நொடி, பெருக்க வேண்டியது 32. அதே அரை நொடித் தவறு 16 நொடியோடு போய்விடும். முதல் முறை எரிவதை வைத்து அளக்க வேண்டாம். ரீசெட்டுக்குப் பிறகு வரும் முதல் துடிப்பின் நீளம் கொஞ்சம் வேறுபடும். எரிந்ததிலிருந்து எரிவதுவரை என்பதே நம்பகமான அளவு.

இதே சர்க்யூட்டிலிருந்து வேறு நேரங்களும் சும்மா கிடைக்கின்றன. 3ஆம் காலுக்குப் பதில் 2ஆம் காலை எடுத்தால் அரை மணி, 1ஆம் காலை எடுத்தால் கால் மணி. ஒரு ரோட்டரி ஸ்விட்ச் வைத்து மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். டையோடையும் டிரான்சிஸ்டரையும் அந்த ஸ்விட்சின் பொது முனையில் இணைக்க வேண்டும். இரண்டு மணி நேரம் வேண்டுமென்றால் கப்பாசிட்டரை 1 மைக்ரோஃபாரடாக்கி, பிரிசெட்டைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

இன்னும் நீளமாக, இன்னும் துல்லியமாக

நாள் கணக்கில் வேண்டுமென்றால் இன்னொரு கவுண்ட்டரைத் தொடுக்க வேண்டும். சிடி 4020 என்பது ஆசிலேட்டர் இல்லாத 14 படிக் கவுண்ட்டர். 4060-இல் நிறுத்தும் டையோடை எடுத்துவிட்டு, அதன் 3ஆம் காலை 4020-இன் 10ஆம் காலுக்குக் கொடுங்கள். நம் 4060 இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முழுத் துடிப்பு தருகிறது. 4020-இன் கடைசிப் படி உயர 8,192 துடிப்பு வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 682 நாளுக்கு மேல், ஏறக்குறைய ஒரு வருடம் பத்து மாதம்! அவ்வளவு நேரம் யாருக்கும் தேவைப்படாது. ஆனாலும் விரல் நுனி அளவுள்ள இரண்டு ஐசிகள் அந்த அளவுக்கு எண்ணும் என்பது, இரண்டின் அடுக்குகள் எவ்வளவு வேகமாக வளர்கின்றன என்பதைக் காட்டுகிறது.

துல்லியம் வேண்டுமென்றால் ரெசிஸ்டரையும் கப்பாசிட்டரையும் விட்டுவிட்டு, கைக்கடிகாரத்தில் இருக்கும் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் போடலாம். 4060 அதற்கும் இடம் தருகிறது; விவரத்தாளில் படம் இருக்கும். 32,768-ஐ 16,384-ஆல் வகுத்தால் 2. ஆக 3ஆம் காலில் அரை நொடிக்கு ஒரு துடிப்பு. ஒரு மணி நேரத்துக்கு 7,200 அரை நொடிகள். இந்த எண்ணை இரண்டின் அடுக்குகளாக உடைத்தால் 4096 + 2048 + 1024 + 32. இந்த நான்கும் 4020-இல் முறையே 2, 1, 15, 4 ஆகிய கால்களில் கிடைக்கின்றன. நான்கு 1என்4148 டையோடுகளின் கேத்தோடுகளை அந்த நான்கு கால்களுக்கும் கொடுத்து, ஆனோடுகளை ஒன்றாகச் சேர்த்து 100 கிலோ ஓம் வழியாகப் பிளஸுக்கு இழுத்துவிடுங்கள். நான்கு கால்களும் சேர்ந்து உயர்ந்தால்தான் அந்தப் பொதுப் புள்ளி உயரும். ரீசெட்டுக்குப் பிறகு அது முதல் தடவையாக நடப்பது 7,200-ஆவது எண்ணிக்கையில்; அதற்கு முன்னால் வாய்ப்பே இல்லை. சாதாரண கடிகாரக் கிரிஸ்டலின் பிழை பத்து லட்சத்துக்கு 20 பங்கு. ஒரு மணி நேரத்தில் நொடியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. தொட்டி நிரப்ப இவ்வளவு துல்லியம் தேவையில்லை. புகைப்படம் கழுவும் அறை, ஆய்வகச் சோதனை போன்றவற்றுக்கு மதிப்பு உண்டு.

இதற்கெல்லாம் எட்டுக் கால் மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றில் சில வரி புரோகிராம் எழுதினால் போதாதா என்று கேட்கலாம். போதும். டிஸ்ப்ளே, பல நேர அட்டவணை என்று போகும்போது அதுதான் சரியான வழி. ஆனால் அந்தச் சில்லுக்கு உள்ளேயும் ஓர் ஆசிலேட்டரும் அதன் துடிப்பை வகுக்கும் கவுண்ட்டரும்தான் இருக்கின்றன. 4060-ஐக் கையால் கட்டிப் பார்த்தவருக்கு அங்கே வரும் பிரிஸ்கேலர் (துடிப்பை வகுக்கும் பகுதி), டைமர் ஓவர்ஃப்ளோ (எண்ணி முடித்து மீண்டும் பூஜ்யத்துக்கு வருவது) எல்லாம் ஏற்கெனவே பழகிய சமாச்சாரமாக இருக்கும். புதியவர்கள் இதில் தொடங்க வேண்டும் என்று நான் விரும்புவது அதனால்தான்.

230 வோல்ட் பக்கம் போவதற்கு முன்

பிரெட்போர்டில் மோட்டாருக்குப் பதில் ஒரு எல்இடியை ரிலேயில் மாட்டி முழுச் சுற்றும் சோதித்துவிடுங்கள். பிரெட்போர்டில் 230 வோல்ட்டைக் கொண்டுவரவே கூடாது. அப்புறம் போர்டில் சால்டர் செய்து, மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்த பிறகுதான் மெயின்ஸ். ஒரு எச்பி மோட்டார் 746 வாட் என்று கணக்குப் போட்டுச் சின்ன ரிலே தாங்கும் என்று நினைக்க வேண்டாம். மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும், ரிலேயின் தொடர்புகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் டைமர் சொன்னாலும் மோட்டார் நிற்காது. நம் ரிலே ஒரு கான்டாக்டரின் (பெரிய மின்னோட்டத்துக்கான கனமான ரிலே) காயிலை மட்டும் இயக்கட்டும். கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். இந்தப் பக்கத்து வயரிங்கை மட்டும் அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

சர்க்யூட் ஓடவில்லையென்றால் முதலில் 12ஆம் காலை மல்டிமீட்டரில் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். பிளஸ் காட்டினால் அது ரீசெட்டிலேயே நிற்கிறது என்று அர்த்தம், 100 கிலோ ஓம் சரியாகப் பதியவில்லை. அது சரியாக இருந்தால் 9ஆம் காலில் வையுங்கள்: அரை நொடிக்குள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் ஆசிலேட்டர் ஓடுகிறது. 11ஆம் காலில் மட்டும் மீட்டரை வைத்துச் சோதிக்காதீர்கள். அங்கே 1 மெகா ஓம் இருப்பதால் மீட்டரே ஆசிலேட்டரைக் குலைத்துவிடும், நன்றாக ஓடும் சர்க்யூட்டும் கெட்டுப்போனதுபோலத் தெரியும். 9ஆம் கால் அசையாமல் நின்றால் 3ஆம் காலைப் பாருங்கள். அது உயர்ந்திருந்தால் டைமர் ஏற்கெனவே முடிந்த நிலையில் நிற்கிறது. ரீசெட் பட்டனை ஒருமுறை அழுத்தினால் கிளம்பிவிடும். அதற்கும் அசையவில்லையென்றால் டையோடின் கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். திருப்பிப் போட்ட டையோடு, தாழ்ந்திருக்கும் 3ஆம் காலுக்கு 11ஆம் காலை இழுத்துப் பிடித்து, ஆசிலேட்டரைத் தொடங்கவே விடாது.